ஊருக்கு அளவான ஆட்டம்

ஜனக்புரிக் கடிதங்கள் – 12

சென்ற வாரக் கட்டுரை யமுனைக் கரையில் முடிந்தது. 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்காக, அக்ஷர்தாம் கோயிலுக்குப் பக்கத்தில், நதியின் வெள்ளச் சமவெளியில் எழுப்பிய வீரர் குடியிருப்பைப் பற்றிப் பேசினோம். 2003-இல் 1,200 கோடி ரூபாயில் முடிந்துவிடும் என்று மதிப்பிட்ட விழா, சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011 அறிக்கையில் 18,532 கோடியில் போய் நின்றதையும் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு எதிர்த் திசையில் நடக்கலாம். சிஏஜி எட்டிப் பார்க்கவே தேவையில்லாத அளவுக்குச் சிறிய போட்டிகள்: பத்துப் பதினைந்து பள்ளி அணிகள், முந்நூறு செஸ் பிள்ளைகள், ஐநூறு ஓட்டக்காரர்கள். இவர்கள் ஓர் ஊருக்கு வந்து நாலைந்து நாள் தங்கி, விளையாடி, சாப்பிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஊருக்கு என்ன மிஞ்சும்?

நிறைய மிஞ்சும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நகரத்தின் சுற்றுலாவைப் பல ஆண்டுகளுக்குத் தாங்கி நிற்கக்கூடியவை இந்தச் சின்னப் போட்டிகள்தான். அதற்கான சான்றுகள் தில்லியிலேயே இருக்கின்றன, மேற்கு தில்லியில் எங்கள் ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரத்தில்.

ஜனக்புரி மேற்கு நிலையத்தில் நீல வழித்தட வண்டியைப் பிடியுங்கள். மண்டி ஹவுஸில் இறங்கி ஊதா வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் தில்லி கேட். வெளியே வந்ததும் அம்பேத்கர் கால்பந்து மைதானம். 1960 முதல் சுப்ரதோ கோப்பை என்ற பள்ளிக் கால்பந்துப் போட்டியின் முகவரி பெரும்பாலும் இதுதான். விமானப்படைத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜியின் பெயரில், விமானப்படையினரின் மேற்பார்வையில் நடக்கும் போட்டி இது. மணிப்பூர், மிசோரம், மேகாலயா, ஜார்க்கண்ட், வங்காளம், கேரளம் என்று எல்லாத் திசையிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். நேபாளம், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் பள்ளிகளும் வந்ததுண்டு. 1992-இல் இந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான சிக்கிம் சிறுவன்தான் பின்னாளில் இந்திய அணித் தலைவரான பைச்சுங் பூட்டியா.

இந்தப் பிள்ளைகளுக்காகத் தில்லி ஒரு மேம்பாலம் கட்டியதில்லை. எந்தக் குடிசையையும் அகற்றியதில்லை. மைதானம் ஏற்கெனவே இருந்தது. பேருந்தும், பின்னாளில் மெட்ரோவும், நகரத்து மக்களுக்காக ஓடிக்கொண்டிருந்தவை. இருந்ததை வைத்துக்கொண்டே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, தில்லியை முதல்முறை பார்க்கும் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக இந்தப் போட்டி இங்கே அழைத்து வந்திருக்கிறது. தலைநகரின் சுற்றுலாத் துறை தன் சாதனைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்தப் போட்டியின் கால அட்டவணை. லீக் சுற்றில் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே ஓய்வு நாள் வரும். அந்த ஓய்வு நாளில்தான் சுற்றுலாவே பிறக்கிறது. மைதானத்தின் பக்கத்திலேயே ஃபெரோஸ் ஷா கோட்லா இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியாணாவின் தோப்ரா என்ற ஊரிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய அசோகர் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து முடித்தபோது அவர் கையில் இருந்த முக்கியமான வாசகங்களில் இந்தத் தூணின் வாசகமும் ஒன்று. இன்னும் கொஞ்சம் நடந்தால் ராஜ்காட். பகதூர் ஷா ஜஃபர் சாலையில் சங்கர் பொம்மை அருங்காட்சியகம். மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் ஜாமா மசூதி. பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரு முழு நாளும், கூடவே பொறுப்பான ஒரு பயிற்சியாளரும் கிடைத்தால் தில்லியின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை நடந்தே பார்த்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு மெட்ரோ சீட்டும் ஒரு தட்டு சோலே பட்டூரேவும்.

ஓய்வு நாளை ஒழித்து, மூன்று நாளில் எல்லாவற்றையும் திணித்து முடிக்கும் போட்டிகளும் உண்டு. அணிகள் மைதானத்தையும் படுக்கையையும் தவிர வேறெதையும் பார்க்காமல் ரயில் ஏறிவிடும். அட்டவணையில் ஒரே ஒரு நாளைக் கூட்டினால் ஊருக்குக் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு என்பதைப் போட்டி நடத்துகிறவர்கள் யோசிப்பதில்லை.

விளையாட்டுச் சுற்றுலாவை ஆராய்கிறவர்கள் சிறு போட்டிகளின் நன்மையை வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹைம் 1999-லேயே இது பற்றி எழுதினார். ஒலிம்பிக் போன்ற மாபெரும் விழாக்களைப் போலன்றிச் சிறிய போட்டிகள் இருக்கிற வசதிகளையே பயன்படுத்துகின்றன, பொதுப் பணத்தை அதிகம் விழுங்குவதில்லை, கூட்டமும் ஊர் தாங்கக்கூடிய அளவில் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் வராத பருவத்திலும் ஆளைக் கொண்டுவருகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் என்ற பல்கலைக்கழக நகரில் நடந்த ஆறு சிறிய போட்டிகளை எடுத்துக்கொண்டு ஹெதர் கிப்சனும் அவருடைய சகாக்களும் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என்ற மூன்று அளவுகோல்களிலும் பார்த்து, ஊரின் அளவுக்கும் வசதிக்கும் பொருந்திய சிறு போட்டிகள் நீடித்து நிலைக்கும் சுற்றுலாவாக அமைய முடியும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். ஊரின் அளவுக்கும் வசதிக்கும் பொருந்துவது என்ற நிபந்தனையை மட்டும் மனதில் வையுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

தில்லி இந்த விஷயத்தில் இழந்ததும் உண்டு. 1888-இல் சிம்லா மலைப்பகுதியில் தொடங்கிய டூரண்ட் கால்பந்துக் கோப்பை 1940-இல் தில்லிக்கு வந்தது. பல தலைமுறைகளுக்கு இந்த நகரத்தின் குளிர்காலம் என்றாலே டூரண்ட்தான். 1945-இல் தொடங்கிய டிசிஎம் கோப்பைக்கு டெஹ்ரானின் தாஜ் கிளப்பும் கொரிய அணிகளும் வந்து ஆடின. கல்கத்தாவிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் ஆட்டம் பார்க்கவே வந்தவர்கள் தில்லி கேட்டையும் தரியாகஞ்சையும் நிறைத்திருந்த காலம் அது. டிசிஎம் 90-களின் இறுதியில் நின்றுபோனது. டூரண்ட் 2014-இல் கோவாவுக்கும் 2019-இல் கொல்கத்தாவுக்கும் போய்விட்டது. ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே ஊருக்கு வரும் பழக்கத்தை உருவாக்க அரை நூற்றாண்டு ஆகிறது. அது கலைவதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் போதும்.

இனி செஸ். தமிழ் வாசகர்களிடம் இதைப் பற்றி விரித்துச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 2003-இல் பார்ஸ்வநாத் என்ற பெயரோடு தொடங்கியது தில்லி சர்வதேச ஓப்பன். ரேட்டிங் வாரியாக ஏ, பி, சி என்று பிரித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடும் திருவிழா. 2022-இல் வாரங்கலின் அர்ஜுன் எரிகைசி வென்றார். 2023-இல் மதுரையின் அரவிந்த் சிதம்பரம் வென்றார். வென்றவர்களை விடுங்கள். சி பிரிவில் எண்ணூறாவது இடத்தில் முடிக்கும் கும்பகோணத்துப் பையனைப் பாருங்கள். அவன் தனியாக வருவதில்லை. அம்மா வருகிறார், சில சமயம் தாத்தாவும் வருகிறார். பிரக்ஞானந்தா, வைஷாலியின் தாயார் நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அடுப்பும் பாத்திரமுமாகப் போய் ரசம் சாதம் சமைத்துக் கொடுப்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். புகழ் பெறாத ஆயிரம் அம்மாக்களும் அதையேதான் செய்கிறார்கள். செஸ் போட்டி என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம்.

அந்த வாரத்தில் அம்மா என்ன செய்வார்? பிள்ளை உள்ளே உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆட்டம் மூன்று மணி நேரமும் போகலாம், நான்கு மணி நேரமும் போகலாம். வாசலில், படிக்கட்டில், வராந்தாவில், கையில் தண்ணீர் பாட்டிலோடு பெற்றோர் கூட்டம் காத்திருக்கும். இந்தியாவில் செஸ் போட்டி நடக்கும் எந்தக் கூடத்திலும் இந்தக் காட்சி மாறாது. அந்த நான்கு மணி நேரத்தை அவர்கள் நல்லபடியாகக் கழிக்க வழிசெய்கிற ஊர் அவர்களை அடுத்த வருடமும் வரவழைக்கும். பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது, நடந்து போகலாமா, பெண்கள் தனியாகப் போகலாமா, எத்தனை மணிக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு தாளில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து வாசலில் கொடுத்தால் போதும். அரங்கம் கட்டத் தேவையில்லை. செஸ்ஸுக்கு வேண்டியது மேசை, நாற்காலி, நல்ல வெளிச்சம், சுத்தமான கழிப்பறை. விடுமுறையில் சும்மா கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இவை எல்லாமே உண்டு.

ஒரு சிறு போட்டியைச் சுற்றி விருந்தினரை வரவழைக்கும் கலையில் தமிழர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தை வடக்கின் பெருஞ்சமர் என்கிறார்கள். இரண்டு பள்ளிக்கூடங்கள் ஆடும் மூன்று நாள் ஆட்டம், அவ்வளவுதான். ஆனால் மார்ச் மாதம் வந்தால் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிறார்கள். போர் விழுங்கிய ஆண்டுகளுக்குப் பிறகும் பழக்கம் அறுந்துபோகவில்லை. ஆட்டத்துக்கென்று வந்தவர் கூடவே பிள்ளைகளையும் கூட்டி வருகிறார். மத்திய கல்லூரி மைதானத்துக்குப் பக்கத்திலேயே, 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகமும் பழைய கோட்டையும் இருக்கின்றன. கனடாவில் பிறந்த பேத்திக்கு அவற்றைக் காட்டாமல் எந்தத் தாத்தா திரும்புவார்? புலம்பெயர்ந்தவர்களை ஊரோடு கட்டி வைத்திருப்பதற்கு இதைவிட இயல்பான ஏற்பாட்டை ஒரு சுற்றுலா அமைச்சகத்தால் திட்டமிட்டு உருவாக்க முடியாது.

லே நகரத்தின் கதை வேறு. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு வந்து லேயைப் புரட்டிப் போட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012-இல், உள்ளூர்க்காரரான செவாங் மோட்டுப் லடாக் மாரத்தானைத் தொடங்கினார். நடப்பது செப்டம்பரில். கோடைக்கூட்டம் வடிந்து, விடுதிகளும் வீட்டு விருந்தினர் அறைகளும் காலியாகத் தொடங்கும் மாதம். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வந்து இறங்கிய மறுநாளே ஓட முடியாது. உடல் பழக வேண்டும். எனவே முன்கூட்டியே வந்து தங்கும்படி நடத்துகிறவர்கள் வற்புறுத்துகிறார்கள். கர்துங்லா கணவாயைக் கடந்து 72 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் இன்னும் முன்னதாக வர வேண்டும். நான்கு மணி நேர ஓட்டத்துக்காக வந்தவர் ஒரு வாரம், பத்து நாள் தங்குகிறார், கிராமங்களில் நடக்கிறார், மடாலயங்களைப் பார்க்கிறார். ஓர் இடத்தின் இயற்கை விதிக்கும் நிபந்தனையே அங்கே விருந்தினரை அதிக நாள் தங்க வைக்கிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இத்தகைய போட்டிகள் நடக்கின்றன. 2008 முதல் ஆரோவில்லில் செம்மண் காட்டுப் பாதையில் ஒரு மாரத்தான். பரிசுப் பணம் கிடையாது, ஓடுவதே மகிழ்ச்சி என்பதுதான் அதன் கொள்கை. ஓட்டக்காரர்கள் சுற்றியுள்ள கிராமங்களிலும் புதுச்சேரியிலும் தங்குகிறார்கள். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, அதிலிருந்து ஒரு பள்ளியும் விழாவும் வளர்ந்தன. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீகின் தகுதிச் சுற்றுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஷிப்பும் நடந்தன. கடலை அறிந்த மீனவ இளைஞர்களே பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பவர்களாகவும் இருக்கிறார்கள். கட்டடம் எதுவும் தேவைப்படாத மைதானம் அது. கடற்கரை குப்பையானால் போட்டியே இல்லை என்பதால் அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய அக்கறையும் அவர்களுக்கே முதலில் வருகிறது.

இப்போது எங்கள் பேட்டைக்கு வருவோம். ஜனக்புரியைச் சுற்றுலாத் தலம் என்று யாரும் சொன்னதில்லை. தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) வகுத்த பிளாக்குகள், ஒவ்வொரு பிளாக்குக்கும் பூங்கா, சந்தை, பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஆனால் ஒரு சிறிய போட்டியை வரவேற்க வேண்டிய எல்லாமே இங்கே இருக்கிறது. 2018 மே மாதம் திறந்த மெஜந்தா வழித்தடத்தால் ஜனக்புரி மேற்கிலிருந்து ஐந்தாவது நிறுத்தம் விமான நிலையத்தின் முதல் முனையம். அதே வண்டியில் உட்கார்ந்திருந்தால் ராமகிருஷ்ணபுரம் வரும். மலை மந்திரும் தில்லித் தமிழ்ச் சங்கமும் அங்கேதான். இன்னும் இரண்டு நிறுத்தம் போனால் ஹவுஸ் காஸ், அங்கே மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் குதுப்மினார். வெளியூர் அணிக்குத் தனிப் பேருந்து எடுக்கவே தேவையில்லை.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. 1923-இல் வேரூன்றிய அமைப்பு அது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மொழி தெரிந்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் அங்கே கிடைப்பார்கள். ரேட்டிங் செஸ் போட்டி, கோகோ, கபடி, மேசைப்பந்து இவற்றுக்குப் பள்ளி வளாகமே அதிகம். 2014-இல் திறந்த ஜனக்புரி தில்லி ஹாட் இசையைக் கருவாகக் கொண்டு அமைந்த கைவினைச் சந்தை. 1994-இல் ஐஎன்ஏவில் தொடங்கிய முதல் ஹாட்டுக்கு வரும் கூட்டம் இங்கே வருவதில்லை, கைவினைஞர்கள் கடை விரித்துவிட்டு மாலைக்காகக் காத்திருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவை அங்கே வைத்தால் முந்நூறு குடும்பங்கள் அந்த வாசலுக்குள் நுழையும். மெட்ரோவில் அடுத்த நிறுத்தமான உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு இருக்கிறது. ராஜஸ்தானிலிருந்தும் ஹரியாணாவிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சந்து சந்தாகச் சக்கரம் சுற்றுகின்றன. தீபாவளிக்குத் தில்லியின் வாசல்களில் எரியும் அகல்களில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்து வருபவை. வெற்றிக் கோப்பையையும் பதக்கத்தையும் அவர்களிடம் சுட்ட மண்ணில் செய்யச் சொல்லலாமே! பிளாஸ்டிக் கோப்பை ஒரு வருடத்தில் பரணுக்குப் போகும். உத்தம் நகர்க் குயவர் செய்த கோப்பை வீட்டு வரவேற்பறையில் நிற்கும், எங்கே வாங்கினாய் என்று வருகிறவர் கேட்பார்.

தங்குவதற்கும் வழி இருக்கிறது. காமன்வெல்த் விளையாட்டுக்கு வரும் விருந்தினருக்காகவே தில்லி அரசு 2007-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, சில அறைகளைப் பதிவு செய்து விருந்தினருக்கு விட அது வழிசெய்தது. அந்தப் பெருவிழாவிலிருந்து எஞ்சியவற்றில் எனக்கு உண்மையாகவே பயனுள்ளதாகப் படுவது அந்தச் சட்டம். ஜனக்புரியில் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டு, மாடியறைகள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஓய்வுபெற்ற தமிழ்த் தம்பதியர் வீட்டில், திருநெல்வேலியிலிருந்து வரும் ஓர் அம்மாவும் மகளும் ஒரு வாரம் தங்கினால் இரு தரப்புக்கும் நல்லது. காலையில் இட்லி கிடைக்கும். மாமா மெட்ரோ நிலையம் வரை வந்து வழிகாட்டுவார். கொடுக்கும் வாடகை ஹோட்டல் சங்கிலி நிறுவனத்துக்குப் போகாமல் தெருவிலேயே தங்கும், அதே தெருவின் காய்கறிக்காரரிடமும் சலவைக்காரரிடமும் போய்ச் சேரும்.

எப்போது நடத்துவது என்பதில்தான் தில்லியில் பிழைக்கத் தெரிய வேண்டும். 2017 நவம்பர் 19 அன்று நடந்த தில்லி அரை மாரத்தானைக் காற்று மாசைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கும்படி இந்திய மருத்துவ சங்கம் நீதிமன்றம் வரை போனது. ஓட்டம் நடந்தது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 3 அன்று, கோட்லா கிரிக்கெட் மைதானத்து டெஸ்டில் இலங்கை வீரர்கள் முகக்கவசம் அணிந்து ஆடினார்கள், ஆட்டம் இடையிடையே நின்றது. அடுத்த ஆண்டே அரை மாரத்தான் அக்டோபருக்கு மாறியது. நகரத்தின் காற்றை மதித்து எடுத்த முடிவு அது, சரியான முடிவு. தீபாவளியிலிருந்து ஜனவரி முடிய வெட்டவெளி ஆட்டத்துக்குக் குழந்தைகளைத் தில்லிக்கு அழைப்பது பாவம். மே, ஜூன் வெயிலும் அப்படித்தான். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய ஒரு சாளரம், மழை விட்ட செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை இன்னொன்று. மார்ச்சில் தேர்வு வந்துவிடும் என்பதால் பள்ளிப் போட்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவது சாளரம்தான் மிஞ்சும். அறைக்குள் ஆடும் செஸ்ஸுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு.

குப்பை விஷயத்தையும் கறாராகப் பேச வேண்டும். ஐநூறு பேர் ஓடும் ஒரு ஞாயிறு காலை, ஐயாயிரம் காகிதக் கோப்பைகளையும் வாழைப்பழத் தோலையும் ஒரு பூங்காவில் விட்டுப் போனால் அந்தக் குடியிருப்போர் சங்கம் மறுபடி அனுமதி தராது, தரவும் கூடாது. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாடகையின்றிக் கொடுத்து வாங்கும் பாத்திர வங்கி பக்கத்திலேயே குருகிராமில் இயங்குகிறது, பெங்களூரின் அதம்ய சேதனாவும் இதைச் செய்கிறது. குருத்வாராக்கள் நிறைந்த மேற்கு தில்லியில் எவர்சில்வர் தட்டில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுவது அன்றாட வழக்கம், அவர்களிடமே கேட்டுக் கற்கலாம். பயணத்தின் புகைதான் பெரிய பாரம். அதற்கு ரயிலைவிட நல்ல வழி இல்லை. ஆனால் விளையாட்டு வீரர்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து வரும் ஓர் அரசுப் பள்ளி அணிக்கு அந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறு நகரங்களின் விளையாட்டையும் சுற்றுலாவையும் வளர்க்க விரும்பும் எந்த அரசும் முதலில் திருப்பித் தர வேண்டியது அதைத்தான்.

இனி, ஊரின் அளவுக்கும் வசதிக்கும் பொருந்துவது என்ற அந்த நிபந்தனை. சிறிய போட்டிக்கு வரும் ஆபத்து, அது நன்றாக நடப்பதால்தான் வருகிறது. முந்நூறு பேர் வந்தார்கள், அடுத்த முறை மூவாயிரம் என்று யாராவது சொல்வார்கள். ஸ்பான்சர் வருவார், மேடை வரும், ஒலிபெருக்கி வரும், பிளாக்கின் நான்கு பக்கமும் கார் நிற்கும். அப்போது பள்ளி போதாது, அரங்கம் வேண்டும். மாடியறை போதாது, ஹோட்டல் வேண்டும். ஊரின் அளவை விட்டு விலகிய அந்த இடத்திலேயே இந்த ஏற்பாட்டின் நன்மைகளும் முடிந்துவிடும். ஜனக்புரி முந்நூறோடு நிறுத்திக்கொண்டு, மூவாயிரம் பேர் வர விரும்பினால் விகாஸ்புரிக்கும் துவாரகைக்கும் ராஜௌரி கார்டனுக்கும் வேறு வேறு மாதங்களில் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பெரிய விழாக்களே இன்று சுருங்கத் தொடங்கியிருக்கின்றன. செலவு தாங்காது என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023 ஜூலையில் கைவிட்ட 2026 காமன்வெல்த் விளையாட்டை, பத்தே விளையாட்டுகளோடு, இருக்கிற நான்கு அரங்குகளில் நடத்துவதாகச் சொல்லி கிளாஸ்கோ ஏற்றுக்கொண்டது. இந்தியாவோ 2024 அக்டோபரில் 2036 ஒலிம்பிக்குக்கான விருப்பக் கடிதத்தை அனுப்பியிருக்கிறது. அதற்குள் இன்னும் எத்தனையோ குளிர்காலங்களும் வசந்தங்களும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தில்லியின் ஒவ்வொரு காலனியும் ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது தன் அளவுக்கு நடத்திப் பழகினால், வெளியூர்க்காரரை வரவேற்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உருவாகியிருக்கும்.

மேற்கு தில்லிக்கு இது புதிய பாடமும் இல்லை. நஜஃப்கர் பக்கத்துக் கிராமங்களில் 'தங்கல்' எனப்படும் மல்யுத்தப் போட்டிகளுக்கு ஹரியாணாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பயில்வான்கள் வருவார்கள், ஊரே சேர்ந்து களம் கொத்திச் சோறும் பாலும் போடும். அந்த மண்களங்களுக்கு, அவற்றை நடத்தும் பெரியவர்களோடு பேசுவதற்கு, அடுத்த வாரம் போகலாம்.

(தொடரும்)